முட்டை விலையும் கொல்லைப்புறக் கோழியும்

2025 மார்ச் மாதம் அமெரிக்காவில் ஒரு டஜன் முட்டையின் சராசரிச் சில்லறை விலை 6.23 டாலரைத் தொட்டது. அந்நாட்டில் அதற்கு முன் முட்டை அவ்வளவு விலைக்கு விற்றதில்லை. 2022 பிப்ரவரியில் வணிகப் பண்ணைகளில் தலைகாட்டிய பறவைக் காய்ச்சலால் மூன்றே ஆண்டுகளில் 16 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் மடிந்தன. அல்லது நோய் பரவாமலிருக்கக் கொல்லப்பட்டன. முட்டை அடுக்கப்பட்டிருந்த அலமாரிகள் பல கடைகளில் காலியாகக் கிடந்தன. இருந்த இடங்களிலும், ஆளுக்கு இத்தனை அட்டைதான் என்று அறிவிப்பு எழுதி ஒட்டினார்கள்.

இந்தச் சூழலில்தான் அந்நாட்டின் வேளாண் துறைச் செயலர் புரூக் ரோலின்ஸ் 100 கோடி டாலர் திட்டம் ஒன்றை அறிவித்தார். பண்ணைகளின் நோய்த்தடுப்பு ஏற்பாடுகளுக்கு 50 கோடி, பாதிக்கப்பட்ட பண்ணையாளர்களின் நிவாரணத்துக்கு 40 கோடி, தடுப்பூசி உள்ளிட்ட ஆராய்ச்சிக்கு 10 கோடி என்பது அதன் கணக்கு. இவற்றோடு, குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்ப்பதை எளிதாக்குவோம் என்ற வாக்குறுதியும் சேர்ந்துகொண்டது. தன் வீட்டுக் கொல்லையிலும் கோழிகள் இருப்பதாக அவர் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் மகிழ்ச்சியுடன் சொன்னார். விலைவாசியைக் கட்டுப்படுத்த வேண்டிய அரசு, மக்களைப் பார்த்து "நீங்களே கோழி வளர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறதே என்று அந்நாட்டில் பலரும் கேலி செய்தனர்.

கேலிக்குக் காரணம் இருந்தது. ஆனால், அந்த யோசனை ஏதோ ஓர் அமைச்சரின் வாயில் தற்செயலாக வந்து விழுந்த சொல் அன்று. நூறு ஆண்டுகளுக்கு முன் அதே துறை அதே யோசனையை அச்சடித்து ஊரெங்கும் ஒட்டியது. இடைப்பட்ட காலத்தில் அதே நாட்டின் நகரங்கள் சட்டம் போட்டுக் கோழியைக் கொல்லைப்புறத்திலிருந்து விரட்டின. வரவேற்றதும் விரட்டியதும் மீண்டும் வரவேற்றதும் யாருடைய நலனுக்காக என்று பார்த்தால், அமெரிக்கப் புறநகர் என்பது எப்படி உருவானது என்பதே புலப்படும். கோழியைக் கேட்டு யாரும் மசாலா அரைப்பதில்லை. கோழி வளர்த்தவர்களையும் யாரும் கேட்டதில்லை.

முதலில் அடிமைகளின் கோழியிலிருந்து தொடங்க வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் தங்கள் குடிசைகளை ஒட்டிக் கோழி வளர்த்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டனர். அவர்களிடமிருந்து கோழியும் முட்டையும் காசு கொடுத்து வாங்கியதற்கான குறிப்புகள் அப்பண்ணைக் கணக்குகளில் உள்ளன. மாடும் குதிரையும் செல்வத்தின் அடையாளங்கள். அவற்றை அடிமை வைத்துக்கொள்ளப் பெரும்பாலான எஜமானர்கள் விடமாட்டார்கள். கோழியை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. மதிப்பற்ற பறவை என்பதால்தான் உடைமை என்று எதுவுமே இல்லாதவர்களின் கையில் அது ஓர் உடைமையாக இருக்க முடிந்தது. பிற்காலத்தில் வெள்ளையர் பண்ணை வீடுகளிலும் ஏறக்குறைய இதே நிலைதான். சோளமும் பருத்தியும் ஆணின் கணக்கு. முட்டை விற்ற காசு பெண்ணின் கணக்கு. நம் கிராமங்களில் கோழி விற்ற காசு பாட்டியின் சுருக்குப்பைக்குள் போனதைப் போலத்தான் இதுவும்.

பணக்காரர்களின் கண்ணில் கோழி பட்டது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். சீனத் துறைமுகங்களிலிருந்து பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறிய கொச்சின் போன்ற பெரிய உடல்வாகு கொண்ட இனங்கள் மேட்டுக்குடியினரைப் பைத்தியமாக்கின. விக்டோரியா மகாராணியே கோழி வளர்த்தார். 1849இல் பாஸ்டன் நகரின் பொதுப் பூங்காவில் நடந்த கோழிக் கண்காட்சியைக் காணக் கூட்டம் அலைமோதியது. பிரம்மபுத்திரா நதியின் பெயரைச் சூட்டிய ஓர் இனத்துக்கு எக்கச்சக்க விலை வைத்தார்கள். அந்த வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்த ஜார்ஜ் பர்ன்ஹாம் என்பவர், 1855இல் அதையே நையாண்டி செய்து 'கோழிக் காய்ச்சலின் வரலாறு' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலும் எழுதி, அதையும் விற்றார். அதற்குள் விலை சரிந்து, கடைசியில் வாங்கியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றனர். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்தவர்களை அறிந்த நமக்கு இந்தக் கதையில் புதிதாக எதுவும் இல்லை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் கடந்து போக மனமில்லை. வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்பது டார்வின் காலத்திலிருந்து சொல்லப்படுவது. ஆனால், கோழியின் தோலுக்கும் காலுக்கும் மஞ்சள் நிறம் தரும் மரபணு அதனிடமிருந்து வரவில்லை. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு ஒன்று நிறுவியது. அமெரிக்கக் கொல்லைகளில் அதிகம் விரும்பப்படும் ரோட் ஐலண்ட் ரெட், பிளிமத் ராக் ஆகிய இனங்கள் மஞ்சள் காலுடையவை. அந்தக் கால்களில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கானக்கோழி இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

புறநகருக்கு வருவோம். அமெரிக்கப் புறநகர் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது திரைப்படங்களில் பார்த்த காட்சி: ஒரே அச்சில் வார்த்த வீடுகள், சீராக வெட்டிய புல்தரை, வாசலில் கார். இது பிற்காலத்துப் படம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புறநகர் மனையை விற்றவர்களில் சிலர் கோழியைக் காட்டித்தான் விற்றார்கள். சார்லஸ் வீக்ஸ் என்ற கோழிப் பண்ணையாளர், 1916இல் கலிஃபோர்னியாவில் ரன்னிமீட் என்ற குடியிருப்பைத் தொடங்கினார். ஒரு குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் நிலம். அதில் கோழியும் காய்கறியும். யாரிடமும் கைகட்டி நிற்கத் தேவையில்லாத வாழ்வு. இதுதான் அவர் விற்ற கனவு. அடுத்த பத்தாண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒட்டிய சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கிலும் அவர் இதே போன்ற குடியிருப்பை உருவாக்கினார். அது இன்று வினெட்கா என்ற பெயரில் அந்நகரின் ஒரு பகுதி. ரன்னிமீட் இருந்த இடம் இன்றைய கிழக்குப் பாலோ ஆல்டோ. ஃபேஸ்புக் நிறுவனத்தின் தலைமையகம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஓர் ஏக்கர் நிலமும் சுதந்திர வாழ்வும் என்று ஒரு காலத்தில் கூவி விற்கப்பட்ட மண்ணில், இன்று கோழிக்கூண்டு அளவுக்கு இடம் வாங்கவும் சாமானியரால் முடியாது.

லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே சவுத் கேட் போன்ற தொழிலாளர் புறநகர்களின் கதை இன்னும் அழுத்தமானது. 1920களில் அங்கே குடியேறியவர்கள் ஒப்பந்தக்காரரைத் தேடவில்லை. மனையை வாங்கித் தாங்களே பலகை அடித்து வீடு கட்டினார்கள். பின்பக்கம் காய்கறி போட்டார்கள். கோழியும் முயலும் வளர்த்தார்கள். வேலை போனால் கொல்லை சோறு போடும் என்பதுதான் கணக்கு. 1930களின் பெருமந்தத்தில் அந்தக் கணக்கு எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியது. அவர்களுக்கு வீடு என்பது பின்னால் விற்று லாபம் பார்க்கும் சொத்தன்று, பிழைப்புக்கான கருவி.

போர்க் காலங்களில் அரசும் இதே மொழியில் பேசியது. முதல் உலகப் போரின்போது வேளாண் துறை வெளியிட்ட ஒரு சுவரொட்டி, ஒவ்வொரு குடும்பமும் கோழி வளர்க்க வேண்டுமென்று அமெரிக்க அரசின் உருவகமான 'சாம் மாமா' எதிர்பார்ப்பதாகச் சொன்னது. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு பெட்டைக்கோழி இருந்தால் முட்டைக்குப் பஞ்சமிராது என்று கணக்கும் கொடுத்தது. அமைதிக் காலத்தில் கோழி வளர்ப்பு வருமானம் தரும் பொழுதுபோக்கு. போர்க் காலத்தில் அது தேசபக்தி. 1918 முதல் பிறந்து ஒரு நாளேயான குஞ்சுகளை அஞ்சலில் அனுப்பவும் அனுமதி கிடைத்தது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, உள்ளிழுத்துக்கொண்ட மஞ்சள் கருவை வைத்து ஏறத்தாழ மூன்று நாள் தீனியும் தண்ணீரும் இல்லாமல் தாங்கும் என்பதால் இது சாத்தியமாயிற்று. இரண்டாம் உலகப் போரிலும் கொல்லைக் கோழிக்கு மீண்டும் மரியாதை கிடைத்தது. பிரித்தானியாவில் பங்கீட்டு முட்டையை விட்டுக்கொடுத்தவர்களுக்கு, வீட்டில் வளர்க்கும் கோழிக்கான தீவனம் பங்கீட்டில் வழங்கப்பட்டது.

இந்த இரு போர்களுக்கும் நடுவேதான் சட்டம் வேறு திசையில் நடந்தது. எந்த நிலத்தில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று நகராட்சியே வகுத்துவைக்கும் மண்டல விதிகளை 1916இல் நியூயார்க் கொண்டுவந்தது. மற்ற நகரங்கள் பின்தொடர்ந்தன. இது தனியார் சொத்துரிமைக்கு எதிரானது என்று தொடரப்பட்ட யூக்ளிட் கிராமம் எதிர் ஆம்ப்ளர் ரியால்டி வழக்கில், 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகராட்சிகளின் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லேண்ட் ஓர் உவமை சொன்னார். தொல்லை என்பது சரியான பொருள் தவறான இடத்தில் இருப்பதாகவும் இருக்கலாம். தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி வரவேற்பறையில் இருப்பதைப் போல என்பது அதன் கருத்து. வழக்குக்கும் விலங்குகளுக்கும் தொடர்பில்லை; தொழிற்சாலை நிலம் பற்றிய வழக்கு அது. ஆயினும், அந்த உவமைக்குள் அடுத்த ஐம்பது ஆண்டுகளின் புறநகர் முழுவதும் அடங்கிவிட்டது. பிழைப்பு வேறோர் இடத்தில், வசிப்பிடம் வேறோர் இடத்தில் என்று ஆனபின், வீட்டுக்குள் பிழைப்பை வைத்திருப்பவன் தொல்லை தருபவன் ஆகிவிடுகிறான். அதே தீர்ப்பு, தனி வீடுகள் உள்ள பகுதியில் எழும் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது என்பதையும் மறந்துவிடக்கூடாது. விரட்டப்பட்டது கோழி மட்டுமன்று.

1947இல் நியூயார்க்கை அடுத்து எழுந்த லெவிட்டவுன், போருக்குப் பிந்திய புறநகர்களுக்கெல்லாம் முன்மாதிரி. அங்கே வீட்டைச் சுற்றி வேலி போடக்கூடாது; வாரந்தோறும் புல் வெட்ட வேண்டும்; வார இறுதியில் வெளியே துணி காயப்போடக் கூடாது. வெள்ளையரல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்பதும் தொடக்கத்தில் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இத்தகைய நிற ஒதுக்கல் நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிறத்தைப் பற்றிய வரி செல்லாததாயிற்று. துணியைப் பற்றியும் புல்லைப் பற்றியும் எழுதிய வரிகள் நிலைத்தன. கோழித் தடைகளையும் நான் இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன். சுகாதாரம், கூச்சல், நாற்றம் என்று சொல்லப்பட்ட காரணங்கள் பொய்யல்ல. ஆனால், கொடியில் துணி உலர்த்துவதில் என்ன சுகாதாரக் கேடு? ஏழ்மை கண்ணில் படக்கூடாது, கிராமம் கண்ணில் படக்கூடாது, உழைப்பு கண்ணில் படக்கூடாது. பட்டால் வீட்டின் சந்தை விலை இறங்கும் என்ற அச்சம்தான் இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது.

சட்டம் மட்டுமே கோழியை விரட்டிவிட்டது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. சட்டத்தைவிடப் பெரிய காரணம் மலிவு. அந்த மலிவின் தொடக்கமும் ஒரு பெண்ணின் கொல்லைப்புறம்தான் என்பது விசித்திரம். 1923இல் டெலவேர் மாநிலத்தின் ஓஷன் வியூ என்ற சிற்றூரில் வாழ்ந்த செசில் ஸ்டீல், முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டிருந்தார். குஞ்சு பொரிப்பகம் தவறுதலாக 500 அனுப்பிவிட்டது. அவர் திருப்பி அனுப்பவில்லை. ஒரு கொட்டகை போட்டு வளர்த்து, கறிக்காகப் பவுண்டு 62 சென்ட்டுக்கு விற்றார். மூன்றே ஆண்டுகளில் 10,000 கோழிகளுக்கு இடமுள்ள கொட்டகை எழுந்தது. முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டுக் கோழியைத்தான் கறிக்கு அடிப்பது என்ற பழைய வழக்கம் மாறி, கறிக்கென்றே கோழி வளர்க்கும் தொழில் அங்கிருந்து பரவியது.

1940களின் பிற்பகுதியில் ஏ அண்டு பி என்ற மளிகைக் கடைத் தொடர் நிறுவனமும் வேளாண் துறையும் சேர்ந்து 'நாளைய கோழி' என்ற போட்டியை நடத்தின. குறைந்த காலத்தில், குறைந்த தீவனத்தில், அகன்ற மார்புடன் வளரும் கோழிக்குப் பரிசு. 1948இல் வென்றது கார்னிஷ் இனத்தைக் கலந்து உருவாக்கிய கலப்பினம். கார்னிஷ் இனமோ இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், இந்தியாவின் அசீல் சண்டைக்கோழியைக் கலந்து உருவாக்கப்பட்டது. அதன் பழைய பெயரே 'இந்தியச் சண்டைக்கோழி'. இன்று பல்லடம் சுற்றுவட்டாரத்தில் வளரும் பிராய்லர் கோழியின் ரத்தத்திலும் அந்த அசீலின் ஒரு துளி, உலகைச் சுற்றிவந்து சேர்ந்திருக்கிறது.

முட்டைக்கும் இதே கதைதான். வைட்டமின் டி பற்றிய அறிவு, வெயில் படாத கொட்டகைக்குள்ளும் கோழியை வளர்க்க வழி செய்தது. கம்பிக் கூண்டு வந்தது. ஒரே வளாகத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் என்ற நிலை வந்தது. முட்டை இவ்வளவு மலிவானபின், விடிகாலையில் எழுந்து கோழிக்கூட்டைத் திறந்துவிட எந்த இல்லத்தரசிக்கு அவசியம் இருந்தது? முட்டைக்காசு என்ற பெண்ணின் தனி வருமானம் ஓசையின்றி மறைந்தது. அதற்காக யாரும் நிவாரணத் திட்டம் அறிவித்ததாக நான் படித்ததில்லை.

பிறகு காற்று மாறியது. விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனில் தடையை மீறி இரகசியமாகக் கோழி வளர்த்தவர்கள் ஒன்றுசேர்ந்து நகராட்சியிடம் வாதாடி, 2004இல் நான்கு பெட்டைக்கோழி வரை அனுமதி பெற்றனர். சேவலுக்கு அனுமதி இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் பல நகரங்கள் இந்த விதியைச் சிறு மாற்றங்களுடன் ஏற்றன. சியாட்டில் 2010இல் வரம்பை மூன்றிலிருந்து எட்டாக உயர்த்தியது. உணவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பிய தலைமுறை அது. 2008 நிதி நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 2012இல் விலையுயர்ந்த சமையல் பாத்திரங்கள் விற்கும் வில்லியம்ஸ் சொனோமா நிறுவனம் கோழிக்கூடு விற்கத் தொடங்கியபோது, கோழி முழுமையாகச் சாதி மாறிவிட்டது எனலாம். மெக்சிகோவிலிருந்தும் லாவோஸிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் கொல்லையில் இருந்தவரை கோழி ஒரு புகார். பல்கலைக்கழகம் சார்ந்த நடுத்தர வர்க்கத்தின் கொல்லைக்கு வந்ததும் அதுவே ஓர் இயக்கம். இந்த மாற்றத்தை வரவேற்கிறேன். ஆனால், விதி தளர்ந்தது யாருடைய குரலுக்கு என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.

விதி தளர்ந்தும் பயனில்லாத இடங்கள் ஏராளம். அமெரிக்காவின் புதிய புறநகர்க் குடியிருப்புகள் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் சங்கங்களின் ஆட்சியில் உள்ளன. நகராட்சி அனுமதித்தாலும் சங்கத்தின் ஒப்பந்தம் தடுக்கலாம். டெக்சாஸில் வாழும், எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் மூன்று கோழிகளை வளர்த்து, ஒரு மாதத்துக்குள் சங்கத்தின் எச்சரிக்கைக் கடிதத்தைப் பெற்றது. கோழிகள் ஒரு பண்ணைக்குப் போயின. பிள்ளைகள் இரண்டு நாள் அழுததாகச் சொன்னார்கள். கடிதம் அனுப்பியவர்களைக் குறை சொல்ல அந்தக் குடும்பத்துக்கு மனமில்லை. வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டில் அந்த விதி இருக்கத்தான் செய்தது.

செயலரின் யோசனையை இனி எடைபோடலாம். கொல்லைக் கோழியால் நாட்டின் முட்டை விலை குறையுமா? குறையாது. கூடு, வேலி, தீவனம், மருந்து எல்லாம் கூட்டிப் பார்த்தால் வீட்டு முட்டை பல ஆண்டுகளுக்குக் கடை முட்டையைவிட விலை கூடியதாகவே இருக்கும். கோழி நன்றாக முட்டையிடுவது முதல் இரண்டு மூன்று ஆண்டுகள். உயிர் வாழ்வதோ அதைப் போல இரண்டு மூன்று மடங்கு காலம். கிராமத்தில் அந்தக் கோழி குழம்பாகிவிடும். பெயர் சூட்டி வளர்த்த புறநகர்க் குடும்பம் என்ன செய்யும்?

இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. சேவலுக்குத் தடை விதித்த நகரத்தில் கோழி தன் இனத்தைப் பெருக்க முடியாது. நம் ஊரில் ஒரு சேவலும் நான்கு பெட்டையும் இருந்தால் போதும். அடை வைத்து, குஞ்சு பொரித்து, பஞ்சாரத்தில் கவிழ்த்து வளர்த்து, பக்கத்து வீட்டுக்கும் இரண்டு குஞ்சு கொடுக்கலாம். அமெரிக்கப் புறநகர்க் கோழியோ ஒவ்வொரு முறையும் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வாங்கப்பட வேண்டியது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது மக்கள் முண்டியடித்துக் குஞ்சு வாங்க, பொரிப்பகங்களின் இருப்பு தீர்ந்துபோனது. அங்கே பெட்டையைப் பிரித்து அனுப்பியபின் எஞ்சும் சேவல் குஞ்சுகளில் பெரும்பாலானவை முதல் நாளே கொல்லப்படுகின்றன. தற்சார்பு என்று சொல்லப்படுவதன் வேர் தொழிற்சாலைக்குள் இருக்கிறது.

நோய் அபாயமும் கற்பனையன்று. கொல்லைக் கோழிகளோடு தொடர்புடைய சால்மோனெல்லா தொற்று 2020இல் 1,722 பேருக்கு உறுதியானதாக நோய்க் கட்டுப்பாட்டு மையம் தெரிவித்தது. கோழியைக் கொஞ்சி முத்தமிட வேண்டாம் என்று அந்த மையம் ஆண்டுதோறும் அறிவுறுத்த வேண்டியிருக்கிறது. பழைய நகரங்களின் மண்ணில் பழைய வண்ணப்பூச்சும் பெட்ரோல் புகையும் விட்டுச்சென்ற ஈயம் படிந்திருக்கிறது. அதைக் கிளறி மேயும் கோழியின் முட்டைக்குள்ளும் ஈயம் சேர்கிறது. சிட்னி நகரக் கொல்லைகளில் எடுத்த முட்டைகளில் கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்கு ஈயம் இருந்ததாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக, பறவைக் காய்ச்சலால் அமெரிக்காவில் நேர்ந்த முதல் மனித மரணம் 2025 ஜனவரியில் லூசியானாவில் பதிவானது. இறந்தவருக்குத் தொற்று வந்தது வீட்டுக் கோழிகளிடமிருந்தும் காட்டுப் பறவைகளிடமிருந்தும். காட்டுப் பறவைகள் சுமந்துவரும் நோய்க்கு, திறந்தவெளியில் மேயும் வீட்டுக் கோழியை மருந்தாகச் சொல்வது முரண்.

மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. 2023 அக்டோபரில் வாத்துகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிய பிரான்ஸில் நோய் வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவில் தடுப்பூசிக்கு எதிராக நிற்பவர்களில் முக்கியமானவர்கள் கறிக்கோழி ஏற்றுமதியாளர்கள். தடுப்பூசி போட்ட நாட்டிலிருந்து கறி வாங்கப் பிற நாடுகள் தயங்கும் என்பது அவர்களின் அச்சம். முட்டைக்கோழி சாகிறது, கறிக்கோழி வியாபாரம் முடிவு செய்கிறது. இன்னொரு புறம், அந்நாட்டின் மிகப் பெரிய முட்டை உற்பத்தி நிறுவனமான கால் மெய்ன், 2025 மார்ச் 1ஆம் தேதியோடு முடிந்த காலாண்டில் 50 கோடி டாலருக்கும் மேல் நிகர லாபம் ஈட்டியது. முந்தைய ஆண்டு அதே காலாண்டில் அது 15 கோடிக்கும் குறைவு. முட்டை விலை குறித்து நீதித் துறையும் விசாரணையைத் தொடங்கியது. விலை உயர்வின் சுமை எங்கே போனது, பலன் எங்கே போனது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு தேவையில்லை. அந்தக் கணக்கைப் பேச வேண்டிய அரசு, குடும்பங்களைப் பார்த்துக் கோழி வளர்க்கச் சொன்னதுதான் என் ஆட்சேபம். கோழி வளர்ப்பதன்மீது எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. மூன்று நான்கு கோழி வளர்க்கும் உரிமையை நகரங்கள் தரட்டும். முட்டை விலை குறையும் என்பதற்காக அன்று. தன் நிலத்தில் தனக்குத் தேவையான உணவில் ஒரு சிறு பங்கையாவது உருவாக்கும் உரிமையை, அக்கம்பக்கத்தாரின் சொத்து மதிப்பு என்ற ஒரே காரணத்துக்காகப் பறித்தது தொடக்கத்திலேயே தவறு என்பதற்காக.

நாமக்கல்லுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நம் சத்துணவுக் கூடங்களுக்கு முட்டை தரும் அந்த மாவட்டத்திலிருந்து 2025இல் அமெரிக்காவுக்கு முட்டை கப்பலேறியபோது நாம் பெருமைப்பட்டோம். பெருமைப்பட வேண்டியதுதான். கூடவே, ஒரே வட்டாரத்தில் கோடிக்கணக்கான கோழிகளை நெருக்கிவைத்திருக்கும் அதே அமைப்பைத்தான் நாமும் கட்டியிருக்கிறோம் என்பதை நம் கால்நடைத் துறை நினைவில் கொள்வது நல்லது. கிராமப்புற ஏழைப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வழங்கும் அரசுத் திட்டத்தைச் சிலர் ஓட்டு வாங்கும் இலவசம் என்று எள்ளி நகையாடுவதுண்டு. சுருக்குப்பைக்குள் போகும் அந்தக் காசை அமெரிக்கா ஒரு முறை இழந்துவிட்டது.

அமெரிக்காவில் முட்டை விலை 2025 ஏப்ரல் முதல் இறங்கத் தொடங்கியது. கோழிக்குஞ்சு முதல் முட்டையிட ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகும். செயலரின் பேச்சைக் கேட்டு மார்ச் மாதத்தில் குஞ்சு வாங்கியவர்களின் வீட்டுக் கூட்டில் முதல் முட்டை விழுந்த ஆகஸ்ட் மாதத்தில், கடையில் ஒரு டஜன் 3.59 டாலருக்குக் கிடைத்தது.